வேகம் தரும் பிடி

காரைக்காலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அரசலாற்றுப் பாலம் நெருங்கும்போதே, "வேகத்தைக் குறைங்க தம்பி, பிரேக்கை மெல்ல மிதிங்க" என்பேன். நம் சாலைக்கு அதுதான் சரி.

கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய ஃபார்முலா 1 கார் வேறு ரகம். அதன் இறக்கைகள் விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தது போன்றவை. காற்றே காரைத் தரையோடு அழுத்தும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் வேக வளைவில் பயந்து காலை எடுத்தால் அழுத்தம் குறைந்து, டயரின் பிடியும் குறையும்.

பிரேக்கும் தலைகீழ். உச்ச வேகத்தில் எடுத்த எடுப்பிலேயே முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். வேகம் இறங்க இறங்க அழுத்தம் கரைவதால் காலையும் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இறக்கை அதிகம் உதவாது, அங்கே நிதானம்தான். முன்னால் போகும் காரை ஒட்டிப் போனால் கலைந்த காற்றுதான் கிடைக்கும், அதனால் அழுத்தம் குறையும்.

பயத்துக்கு எதிராகக் காலைப் பழக்குவதுதான் இதில் மிகக் கடினம் என்பேன். நரேனே 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம், பிறகு பிரிட்டனில் ஃபார்முலா 3 என்று படிப்படியாகத்தான் ஏறினார். வேகம் பிடித்த பையன்களை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகச் சொல்கிறேன். நாகூர் சாலை அதற்கு வேண்டாம்.