கூரை சோலார் மானியம்: வீட்டுக்கு உண்டு, கோழிப்பண்ணைக்கு?

சென்ற மாதம் ஒரு வயல்விழா முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் விவசாயி ஒருவர் கேட்டார். "சார், சோலார் போட்டா 78,000 ரூபாய் குடுக்கறாங்களாமே. வீட்டுக்கு ஒண்ணு, பண்ணைக்கு ஒண்ணு போட்டா ரெண்டு மானியம் வருமா?" அவர் கையில் இருந்த விலைப்பட்டியலில் இரண்டுக்குமே மானியத்தைக் கழித்துத்தான் விலை போட்டிருந்தது.

இரண்டு வராது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில், வீட்டு மின் இணைப்புக்கு மட்டுமே இந்த மானியம். பண்ணை, கடை, ரைஸ் மில், செக்கு எதுவும் இதில் சேராது. பாசன மோட்டாருக்கான சோலார் பம்புசெட் வேறு திட்டம். அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையை அணுக வேண்டும்.

வீட்டுக்கு 1 கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். கவனித்தீர்களா? மூன்றாவது கிலோவாட்டுக்குக் கிடைப்பது 18,000 மட்டுமே. "மானியம் இருக்கும்போதே பெரிசாப் போட்டுடுங்க" என்று யாராவது சொன்னால், கரன்ட் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். இதற்கு நிழல் விழாத கூரை சுமார் 100 சதுர அடி வேண்டும். தென்னை மட்டையின் நிழல்கூட உற்பத்தியைக் குறைக்கும். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீட்டில் 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கிடைக்கும். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை விகிதம் போய்விடுகிறது என்பதால், இப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல லாபம். ஆனால் 150 யூனிட்டே ஓடும் வீட்டில் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். மீதி 50 யூனிட்டுக்காகக் கடன் வாங்கிப் பேனல் போடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மானியம் முன்பணமாக வராது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பதிவு பெற்ற விற்பனையாளர் மூலம் பேனல் அமைத்து, மின்வாரியம் ஆய்வு செய்து, நெட் மீட்டர் பொருத்திய பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் உங்கள் கைப்பணம் அல்லது கடன். இத்திட்டத்துக்கு வங்கிகள் அடமானம் இல்லாமலும் கடன் தருகின்றன. பேனலும் அதிலுள்ள செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனல் வாங்கினால் மானியம் கிடையாது.

என் அக்கா வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, மின் இணைப்பு மட்டும் காலமான மாமனார் பெயரில் இருந்தது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று, மற்ற பங்காளிகளின் சம்மதம் என்று மூன்று மாதம் அலைந்த பிறகே விண்ணப்பிக்க முடிந்தது. கிராமங்களில் பாதி இணைப்பு இப்படித்தான் தாத்தா பெயரில் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பவர்கட்டில் ஃபேன் ஓடும் என்று நம்பிப் போடாதீர்கள்.

சரி, பண்ணைக்கு ஒன்றுமே இல்லையா? வருமான வரியில் ஒரு வழி உண்டு. கோழிப்பண்ணை வருமானம் வரிச் சட்டப்படி விவசாய வருமானம் ஆகாது, தொழில் வருமானம். கணக்கு எழுதி வரி கட்டுபவர், சோலார் செலவில் 40 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்கலாம். மீதிக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே விகிதம். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த ஆண்டு 20 சதவீதம்தான். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டுபவர்கள் இதைத் தனியாகக் கழிக்க முடியாது. வரியே கட்டாத விவசாயிக்கும் இதனால் பயனில்லை.

இதையெல்லாம் கேட்ட பண்ணைக்காரர், "அப்ப வீட்டுக்கு மட்டும் 2 கிலோவாட் போடறேன். பண்ணைக்கு ஆடிட்டரைக் கேட்டுட்டுதான்" என்று சொல்லி, விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதுபற்றிக் கேள்வி எழுதும் வாசகர்கள், கடைசி ஆறு பில்களின் யூனிட் கணக்கையும் கூரையின் அளவையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.