மாலைக்கண்ணும் மரபணு மருத்துவமும்

சப்ரகமுவத் தோட்டங்களிலே பொழுது நன்கு விடியுமுன்னர் பால்வெட்டு தொடங்கிவிடும். குளிர்ந்த வைகறையிலேதான் இறப்பர்ப்பால் தாராளமாய் ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குன்றிவிடும். ஆகவே கேகாலை, இரத்தினபுரிப் பகுதித் தொழிலாளிக்கு மங்கலொளியிற் பார்க்கும் ஆற்றலே முதற்கருவி. கத்தி இரண்டாவது என்பேன். அவ்வாற்றலற்ற பிள்ளை எங்கள் லயங்களிற் பிறந்தால், 'மாலைக்கண்' என்று சொல்லி முருங்கைக்கீரையும் பப்பாசிப்பழமும் கொடுக்கச் சொல்வர் முதியோர்.

அந்த ஒரு சொல்லுள் இருவகை நோய்கள் அடங்கியுள்ளன. உயிர்ச்சத்து 'ஏ' குறைவதால் வருவது ஒன்று. அதற்குக் கீரை நல்ல மருந்தே. மற்றது பிறப்போடு வருவது. விழித்திரை ஒளியை உணரவேண்டுமாயின் அவ்வுயிர்ச்சத்து ஒரு குறித்த வடிவத்தை அடையவேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதியைத் தருவது ஆர்.பி.ஈ.65 என்னும் மரபணு. தாய்வழி வந்த படியும் தந்தைவழி வந்த படியும் பழுதாயின், குதிர் நிறைய நெல்லிருந்தும் குற்றுவதற்கு உலக்கையில்லாத வீட்டின் கதைதான். பெற்றோரோ நல்ல பார்வையுடையோர். பழுது அவர்களிடம் மறைந்தே கிடக்கும். மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இரு பழுதுகளும் ஒரு பிள்ளையிடம் கூடும் வாய்ப்பு அதிகம்.

தீங்கற்ற வைரசு ஒன்றில் நல்ல மரபணுவை ஏற்றி, விழித்திரையின் அடியிலே செலுத்துவதுதான் புதிய சிகிச்சை. 2001இல் வெளியான ஆய்விலே பிறவிக் குருட்டு நாய்கள் பார்வை பெற்றன. 2007இல் இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் மனிதரிடத்துச் சோதனை தொடங்கிற்று. 2017 டிசம்பரில் 'லக்ஸ்டர்னா' என்ற பெயரால் அமெரிக்கா அதனை அங்கீகரித்தது. மருந்தின் பயனை அளந்த முறை என் மனத்தைத் தொட்டது: அரையிருளிலே, தடைகள் நிறைந்த பாதையொன்றை நோயாளி நடந்து கடக்கவேண்டும். யட்டியாந்தோட்டைப் பிள்ளையும் வைகறையில் அதனைத்தானே செய்யவேண்டியிருக்கிறது!

இரு கண்களுக்கும் விலை 850,000 டொலர் என்று அறிவித்தனர். தோட்டக் கூலியோடு அதனை ஒப்பிடுவதும் வீண். மேலும், விழித்திரை நோய்களுக்குக் காரணமான மரபணுக்கள் 250க்கு மேல். இம்மருந்து உதவுவது ஒன்றுக்கே. கண்தானத்தாற் பெயர்பெற்றது நம் நாடு, ஆனால் தானக் கண்ணிலிருந்து ஒட்டப்படுவது முன்புறத்துக் கருவிழிப்படலம், விழித்திரையன்று.

எனினும் விலை குறையும் நாள் வரலாம். அன்று மருந்து பயன்படுவதற்கு விழித்திரை உயிரணுக்கள் எஞ்சியிருத்தல் வேண்டும். மடிந்தவற்றை மரபணு எழுப்பாது. தோட்டப் பாடசாலையிற் படிப்பித்தவன் என்ற முறையில் ஆசிரியரிடமே இதனைச் சொல்கிறேன். நண்பகலிற் கரும்பலகையைப் படித்துவிட்டு, மழை இருட்டிலே வாங்கைத் தடவும் மாணவனைக் கீரை உண்ணச் சொல்வதோடு நில்லாது, அவ்வாண்டிலேயே கண் வைத்தியரிடம் அனுப்புங்கள்.