கண்மாய் மராமத்தும் சர்க்கார் செலவுக் கணக்கும்

கடம்பூர், கயத்தாறு, கோவிற்பட்டி முதலிய இடங்களைச் சூழ்ந்த கரிசல் பூமியில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து முதலியன ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி மானாவாரியாகவே பயிராகின்றன. கண்மாய்ப் பாசனம் பெறும் நன்செய் சொற்பமே. ஆயினும் கண்மாயில் நீர் தேங்கினால்தான் சுற்றிலுமுள்ள கிணறுகள் ஊறும். கால்நடைகளுக்குக் கோடையில் குடிநீர் கிடைக்கும். ஆகையால் கண்மாய்க்கென்று செலவாகும் சர்க்கார்ப் பணம் ஆயக்கட்டுதாரர்களை மட்டுமன்றி, மானாவாரிக் குடியானவர்களையும் சேர்ந்த விஷயமாகும்.

முற்காலத்தில் கண்மாயைக் குடிகளே கூடி வெட்டி வந்தனர். இவ்வழக்கத்தைக் கட்டாயமாக்க 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் சர்க்கார் வசமாயின. அவற்றின் கண்மாய்களும் உடன் சென்றன. 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ளவற்றைப் பொதுப்பணித் துறையும், சிறியவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் பராமரிக்கும் முறை ஏற்பட்டது. 2021 முதல் பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே 100 கோடி ரூபாய்ச் செலவில் 1,519 வேலைகள் மாநிலத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அளிக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. பங்கு செலுத்தியவர் கணக்குக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வரி செலுத்துவோருக்கும் அது பொருந்தும்.

கண்மாய் வேலையின் கணக்கு மூன்று காகிதங்களில் அடங்கியுள்ளது. வேலை தொடங்குமுன் மதிப்பீடு, வேலை நடக்கையில் அளவுப் புத்தகம், முடிந்தபின் பில். இவற்றுள் நடுவிலுள்ளதே முக்கியமானது. பணம் அதிலுள்ள அளவுப்படியே பட்டுவாடாவாகிறது. உதாரணமாக, 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலத்தில் 0.6 மீட்டர் ஆழம் மண் வெட்டியதாக எழுதினால் 3,000 கன மீட்டர் ஆகும். உண்மையில் 0.4 மீட்டரே வெட்டியிருப்பின் 2,000 தான். வெட்டாத 1,000 கன மீட்டருக்கும் பணம் போய்விடும். ஒரு டிராக்டர் பெட்டிக்கு 3 கன மீட்டர் என்று கொண்டால், முந்நூறு வண்டிக்கு மேற்பட்ட மண் காகிதத்தில் மட்டுமே வெட்டப்பட்டது என்றாகும். அவ்வளவு நீரும் கண்மாயில் நிற்காது.

இவ்வித்தியாசத்தை ஐப்பசிக்குப்பின் எவராலும் கண்டுபிடிக்க இயலாது. முதற் பெருமழையில் பள்ளம் நிரம்பிவிடும். கரிசல் மண் கரைந்து ஓரங்களும் சரியும். ஆகவே அளவைச் சரிபார்க்கத் தகுந்த காலம் புரட்டாசி முடிவதற்குள்தான். வேலை நடக்கையில் பழைய மட்டத்தைக் காட்டுவதற்கு ஆங்காங்கே வெட்டாத மண் திட்டுகளை விட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். திட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தின் அடிவரை ஒரு கோலால் அளப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. மடை, மறுகால், வரத்துக்கால் ஆகியவற்றில் மதிப்பீட்டில் கண்ட வேலை நடந்துள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும். கண்மாயை ஆழப்படுத்திவிட்டு வரத்துக்காலை அடைபட்டபடி விடுவது வீண் செலவேயன்றி வேறில்லை.

காகிதங்களைக் காண வழியுண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால் முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பிரதிகள் பெறுவதோடு வேலையை நேரில் பார்வையிடவும், உபயோகித்த பொருளின் மாதிரியை எடுக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. இப்பகுதியைப் பலர் அறியார். ஆவணியிலேயே மனுச் செய்தால்தான் மழைக்குமுன் பதில் கைக்கு வரும். ஒன்றியத்துக் கண்மாய்களின் வேலையைக் கிராம சபையிலும் வினவலாம். கடம்பூர் பேரூராட்சியாதலால் அங்குக் கிராம சபை இல்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு உண்டு.

செலவைப் போலவே வரவும் கவனிக்கத்தக்கது. மீன்பாசிக் குத்தகை, சீமைக்கருவேல மரங்களின் ஏலம் ஆகியவற்றால் கிடைத்த தொகை எவ்வளவு, எக்கணக்கில் வைக்கப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே.

இயந்திரத்தால் வெட்டினால் கூலி பெரும்பாலும் வெளியூர் செல்கிறது. ஆட்களால் வெட்டினால் ஊர்க் கடைகளிலேயே புழங்குகிறது. பெரிய கண்மாய்களுக்கு இயந்திரம் தவிர்க்க முடியாததே. அப்போதும் வெட்டிய வண்டல் ஊரை விட்டுப் போகாமற் பார்த்துக்கொள்ளலாம். கண்மாய் வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி அளிக்கிறார். கண்மாயில் நீர் ஏறுவதற்குமுன் மனுச் செய்து, உழவுக்குமுன் நிலத்தில் பரப்பிவிட வேண்டும்.