கூலிக் கணக்கு – 9: திண்ணைக்கு வராத சட்டம்

சென்ற வாரம் சம்பளத் தேதியைப் பார்த்தோம். மாதச் சம்பளமானால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், வாரக் கூலியானால் வாரத்தின் கடைசி வேலை நாளில், தினக்கூலியானால் அன்றைய ஷிப்டு முடியும்போதே கொடுத்துவிட வேண்டும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தும் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு தீர்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இது. மில்லுக்கும் கம்பெனிக்கும் இது சரி. ஆனால் கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் கூலியைத் தீர்மானிப்பது தேதி அல்ல, எண்ணிக்கை.

வானம் பார்த்த கரிசலில் மழை பொய்த்தால் காட்டு வேலை இல்லை. அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் தீப்பெட்டி ஆபீஸ். கட்டை அடுக்குவது, குச்சி அடைப்பது, பெட்டி ஒட்டுவது என்று வேலை துண்டுதுண்டாகப் பிரிந்தது; துண்டுக்கு ஏற்பக் கூலியும் பிரிந்தது. ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் கடமை முடிந்தது என்பது பல முதலாளிகளின் எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசு பீஸ் ரேட் நிர்ணயித்திருந்தால் அதற்குக் குறையக் கூடாது. நேரத்துக்கான கூலி மட்டும் நிர்ணயித்திருந்தால், பீஸ் கணக்கில் வேலை செய்தவருக்கும் அந்தக் கூலி கிடைத்தாக வேண்டும். 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கும் போகிறது. வீட்டில் ஒட்டுகிறவர் நினைத்தபோது ஒட்டுகிறார், சோறு பொங்கப் போகிறார், பிள்ளையைப் பார்க்கிறார். அவரை எப்படித் தொழிலாளி என்பது என்று கேட்பார்கள். நேரக் கணக்கு கடினம்தான். ஆனால் தாளும் பசையும் யாருடையவை? ஒட்டு விட்ட பெட்டியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் கூலி எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது? 1973-இல் ஒரு தையற்கடை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உரைகல்லாக எடுத்துக்கொண்டது. பீஸ் கணக்கில் தைத்தவர்கள், துணியை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உட்பட, அந்தக் கடையின் தொழிலாளர்களே என்றது. சரியில்லாததைத் திருப்பித் தரும் அதிகாரமே கட்டுப்பாட்டுக்கு அடையாளம் என்பது அதன் வாதம்.

கட்டுபடியாகாது என்பது அடுத்த வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2007 முதல் 2021 நவம்பர் வரை 14 ஆண்டுகள் தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கே விற்றது. மெழுகும் அட்டையும் அந்த விலையில் நின்றிருக்கவில்லை. அதன் பிறகுதான் இரண்டு ரூபாய் ஆனது. போதாததற்கு லைட்டர் வேறு. இத்தனையும் உண்மைதான், ஆனாலும் இந்த நட்டத்தை ஒட்டுகிற கை ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேரள ஓட்டுத் தொழில் பற்றிய 1961 வழக்கில், குறைந்தபட்சக் கூலி கொடுக்க முதலாளிக்கு வசதி உண்டா என்பது கேள்வியே அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், அதற்குக் குறைந்த கூலி அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. விலையை உயர்த்துவதும் வரியைக் குறைக்கச் சொல்வதும் முதலாளிகள் கூடி நடத்த வேண்டிய போராட்டம். அதற்கான செலவைக் குரோஸ் கூலியில் கழிப்பது நியாயமில்லை.

இத்தனை தீர்ப்புகள் இருந்தும் ஓர் ஓட்டை இப்போது பெரிதாகியிருக்கிறது. 1948 சட்டம், பொருளை வாங்கி வீட்டில் வைத்து வேலை செய்பவரையும் பணியாளர் என்று பட்டவர்த்தனமாக எழுதியிருந்தது. புதிய தொகுப்பின் வரையறையில் அந்த வாசகம் இல்லை. கூலி பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம் தந்தது, கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளி தலையில் வைத்தது, கூலிச் சீட்டைக் கட்டாயமாக்கியது எல்லாம் நல்ல மாற்றங்களே. பணியாளர் என்ற பெயரே கிடைக்காதவருக்கு இவற்றால் என்ன பயன்? வழக்குப் போட்டு அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளட்டும் என்பது, குரோஸ் கணக்கில் பிழைப்பவரிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல. அதே வரையறை, யாரையும் பணியாளர் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருக்கிறது. வீட்டில் பெட்டி ஒட்டுகிறவர்களுக்காகத் தமிழக அரசு அந்த அறிவிப்பை வெளியிட வேண்டும். தொழிற்சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.