உங்களுக்குத் தெரியுமா? ‘பராமரிப்பு நடக்கிறது’ என்றால் என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பட்டறை வைத்திருப்பவர் காலையில் தன் இணையதளத்தைத் திறந்தால், ‘பராமரிப்புப் பணி நடக்கிறது, சற்று நேரத்தில் வாருங்கள்’ என ஒற்றை வரி. பதற வேண்டாம். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம் தன்னைப் புதுப்பிக்கும்போது ‘மெயின்டெனன்ஸ்’ என்றொரு குட்டிக் கோப்பை எழுதி வைக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். பாதியில் நின்றுபோனால் கோப்பு அங்கேயே கிடக்கும். அப்போதும் 10 நிமிடம் கடந்தால் வேர்ட்பிரஸ் அதைப் பொருட்படுத்தாது.

2013-இல் வந்த வேர்ட்பிரஸ் 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே ஏறுகின்றன. பிளகின்கள் எனப்படும் செருகுநிரல்களுக்கு அந்த வசதியை நாம்தான் இயக்கிவைக்க வேண்டும். 2020-இல் வெளியான 5.5 பதிப்பு அதற்கு வழி செய்தது.

எனக்குக் கவலை வேறு. புதுப்பிப்பு சரியாக முடிந்ததா என்று சொல்லும் மின்னஞ்சல் நிர்வாகி முகவரிக்குத்தான் போகும். தளம் கட்டித் தந்துவிட்டு எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் முகவரியே இன்னும் அங்கே இருக்கிறதா? இன்றே அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.