தெளிந்த நீரும் பசித்த குஞ்சும்

நீர் தெளிந்திருப்பின் ஏரி நலமுற்றிருப்பதாக நாம் கருதுகிறோம். வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி அக்கருத்தைத் திருத்துகிறது. கருங்கடல் பகுதிக்குரிய குவாகா சிப்பி, கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவரும் நீரோடு 1980களில் அமெரிக்கப் பேரேரிகளை அடைந்து, 1997இல் மிச்சிகனிலும் காணப்பட்டது.

விரல்நகமளவேயான ஒரு சிப்பி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசியை உண்கிறது. நுண்பாசி குறைய, அதனைத் தின்று வாழும் நுண்விலங்குகளும் குறைகின்றன. கருவுணவு தீர்ந்த வெண்மீன் குஞ்சுக்கோ அந்நுண்விலங்குகளே முதல் இரை. உரிய காலத்தில் அது கிட்டாத குஞ்சு மடிகிறது.

வெண்மீன் நெடுநாள் வாழ்வது; எனவே வலைகள் உடனே வெறுமையாவதில்லை. முதிர்ந்தவை மறைந்தபின், அவற்றின் இடத்தை நிரப்ப இளையவை இல்லாதபோதுதான் இழப்பு புலப்படுகிறது. ஆகவே ஏரியின் நலத்தை நீரின் தெளிவைக் கொண்டன்று, அதில் பிழைத்தெழும் குஞ்சுகளைக் கொண்டே நாம் அளந்தறிதல் வேண்டும்.