அரசு கால் பங்கு, முதலாளி முக்கால் பங்கு: தொழிற்பழகுநர் திட்டம் – சந்தேகங்களும் விளக்கங்களும்

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். ஊர்க்காரர்கள் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு போடும். 'நமக்கு நாமே' திட்டத்தால் தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பழகிய கணக்கு இது. இதே கணக்கில்தான் தொழில் பழகும் பிள்ளைகளின் மாத உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசும் ஏற்கிறது. பயிற்சி கொடுக்கும் நிறுவனம் தன் பங்கைப் போட்டால்தான் அரசின் பங்கு வரும். இணைமானியம் என்பது இதுதான். 2016 ஆகஸ்டில் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்ற பெயரில் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பற்றி ஐ.டி.ஐ. வாசலில் பெற்றோர் கேட்பது ஒன்று, தொழிற்பேட்டையில் முதலாளிகள் கேட்பது வேறொன்று. இரண்டு பக்கத்துச் சந்தேகங்களையும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

வேலைக்கு ஆள் வேண்டும் என்பது கம்பெனியின் தேவை. அதற்கு நம் வரிப்பணம் ஏன் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்றதற்குப் போகக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. நாலு லேத், ஒரு சி.என்.சி. முதலாளியே ஒரு காலத்தில் டர்னராக இருந்தவர். புதிதாகச் சேர்ந்த பையனிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, கடைந்து முடித்த ஷாஃப்டை அளக்கச் சொன்னார். முதலில் 24.98 என்றான். இன்னொரு தரம் அளந்துவிட்டு 24.95 என்றான். "இறுக்கி முறுக்காதே தம்பி. கடைசியில இருக்கிற ராட்செட்டை மட்டும் திருப்பு, டிக் டிக்னு சத்தம் வந்ததும் நிறுத்து" என்றார். அடுத்த தடவை 24.98. அதற்கடுத்த தடவையும் 24.98. பையன் முகம் மலர்ந்துவிட்டது. இது நடந்து முடிய இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் முதலாளியின் லேத் சும்மா நின்றது.

இப்படி எத்தனையோ இருபது நிமிடங்கள், எத்தனையோ கெட்டுப்போன ஜாப்கள் சேர்ந்துதான் ஒரு டர்னர் உருவாகிறான். ஒன்றரை வருடம் கழித்துத் தானே செட்டிங் போடத் தெரிந்துவிட்டால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெரிய தொழிற்சாலை கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று கூப்பிடும். பையன் போவான். போகத்தான் வேண்டும், அவன் குடும்பம் முன்னேறும். ஆனால் கற்றுக்கொடுத்தவருக்கு மிஞ்சியது செலவு மட்டும். அடுத்த பையன் வந்தால் அவர் யோசிப்பார். எல்லாப் பட்டறைகளும் இப்படி யோசித்தால், தெரு முழுக்க 'அனுபவம் உள்ள ஆட்கள் தேவை' என்ற போர்டுதான் தொங்கும். அந்த அனுபவத்தைக் கொடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1964-இல் எழுதிய 'ஹியூமன் கேபிடல்' நூலில் இதை ஆராய்ந்தார். எந்த நிறுவனத்திலும் செல்லுபடியாகும் திறமைக்கு ஒரு முதலாளி காசு போட மாட்டார். பயிற்சிக் காலத்தில் குறைந்த கூலியை ஏற்றுக்கொண்டு தொழிலாளியே அந்தச் செலவைச் சுமப்பார் என்பது அவர் வாதம். கூலியில்லாத ஒரு வருடத்தைத் தாங்கும் வசதி உள்ள வீட்டுக்கு அது பொருந்தலாம். அப்பாவின் தினக்கூலியில் ஓடும் வீட்டுப் பிள்ளைக்குப் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் கைக்கு வராமல் எந்தப் பயிற்சியும் நடக்காது. முதலாளியாலும் முடியாது, பிள்ளையாலும் முடியாது என்ற அந்த இடத்தில்தான் பொதுப்பணத்துக்கு வேலை இருக்கிறது.

அப்படியானால் முழுத் தொகையையும் அரசே கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம். குறுகியகாலப் பயிற்சி மையங்களில் அப்படித்தான் நடந்தது. பயிற்சி முடித்தவர்களின் தலையை எண்ணிப் பணம் கொடுத்தால், மையங்கள் தலையை எண்ணிக் காட்டுவதிலேயே கவனம் வைக்கும். சாரதா பிரசாத் தலைமையில் மத்திய அரசே அமைத்த குழு, எண்ணிக்கை இலக்கைத் துரத்தும் இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்தது.

முதலாளி தன் பையிலிருந்து மாதம் நாலாயிரமோ ஐயாயிரமோ எடுத்து வைக்கிறார் என்றால், தனக்குத் தேவைப்படாத தொழிலில் யாரையும் உட்கார வைக்க மாட்டார். எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று டெல்லியில் உட்கார்ந்து யாரும் ஊகிக்கவும் வேண்டாம். இந்தத் திட்டத்தின் உயிர் அந்த முக்கால் பங்கில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

யாருக்கு எவ்வளவு கிடைக்கும்?

2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை, ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பிளஸ் டூ முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் இது 10 சதவீதம் கூடும்.

இதில் அரசின் பங்கு 25 சதவீதம். ஆனால் மாதம் 1,500 ரூபாயைத் தாண்டாது. கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். பத்தாம் வகுப்புப் பையனின் 6,000-இல் கால் பங்கு சரியாக 1,500; அவன் முதலாளிக்கு முழுப் பங்கும் கிடைக்கிறது. ஐ.டி.ஐ. படித்தவனின் 7,000-இல் கால் பங்கு 1,750. கிடைப்பதோ அதே 1,500. முதலாளியின் சுமை 5,500. உயர்ந்த தொழில் தெரிந்த பையனை எடுத்தால் அரசின் கை சுருங்குகிறது. 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில், உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தி 6,800 முதல் 12,300 வரை ஆக்கலாம் என்று பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. உச்சவரம்பை 1,500-இலேயே நிறுத்தி வைத்தால் அந்த உயர்வு முழுவதும் முதலாளியின் தலையில் விழும்.

இன்னொரு பக்கம், டிப்ளமோ படித்தவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் தனியாக இருக்கிறது. நம் பகுதிக்கு அதன் அலுவலகம் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம். அங்கே அரசின் பங்கு குறைந்தபட்சத் தொகையில் பாதி. பட்டதாரிக்கு 4,500, டிப்ளமோவுக்கு 4,000. இன்ஜினீயரிங் முடித்த பிள்ளைக்குப் பாதி, வெல்டிங் படித்த பிள்ளைக்குக் கால் பங்குகூட முழுசாக இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.க்குப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

பணமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே போகிறது?

1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பழகுநர்களை எடுப்பது கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். நாலு பேர் முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகளுக்கு விருப்பம்தான், கட்டாயம் இல்லை. பெரிய தொழிற்சாலையில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. கணினியில் ஒப்பந்தம் பதிவு செய்ய, வருகைப் பதிவு ஏற்ற ஆள் உண்டு. அவர்களில் பலர் மானியமே இல்லாவிட்டாலும் பயிற்சி கொடுத்திருப்பார்கள். அந்த அளவுக்குப் பொதுப்பணம் புதிதாக ஒன்றையும் உண்டாக்கவில்லை.

மலேசியாவில் 1993-இல் தொடங்கிய மனிதவள மேம்பாட்டு நிதி வேறு வழியில் போனது. நிறுவனங்களிடமே சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதம் வசூலித்து, பயிற்சி கொடுத்தவர்களுக்கு அதிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். அங்கேயும் பெரிய நிறுவனங்கள் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டன. சின்ன நிறுவனங்கள் பின்தங்கின. விண்ணப்பம் எழுத நேரம் இல்லாதவருக்கு மானியம் எட்டாது என்பதை அங்கேயும் பார்க்கலாம், இங்கேயும் பார்க்கலாம்.

நான் சொன்ன அம்பத்தூர்ப் பட்டறைக்காரரே பில் போடுபவர், டெலிவரிக்கு ஓடுபவர், மெஷின் நின்றால் கழற்றுபவர். அரசின் போர்ட்டலில் ஒப்பந்தம் ஏற்ற அவருக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் நேரம். முன்பு அரசின் பங்கை முதலாளி கைக்காசில் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருந்தது. பில் பாஸாகி வரும்வரை சமாளிக்கும் பணம் சின்னப் பட்டறையில் இருக்காது. 2023 முதல் அரசின் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. இது பெரிய நிம்மதி. இதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். மிச்சம் இருப்பது காகித வேலை. அதைத் தொழிற்பேட்டைச் சங்கங்கள் ஒரே இடத்தில் கூட்டாகச் செய்து கொடுத்தால், அந்தச் செலவுக்கும் அரசு ஒரு பங்கு போட்டால், பட்டறைகள் உள்ளே வரும்.

கட்டாயம் என்றேன், அந்தக் கட்டாயத்துக்கு எவ்வளவு பலம் என்பதையும் சொல்ல வேண்டும். குறைவாக எடுத்தால், குறையும் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம், பிறகு 1,000. ஒரு ஐ.டி.ஐ. பழகுநரை வைத்துக்கொள்ள மாதம் 5,500 ஆகிறது. எடுக்காமல் அபராதம் கட்டுவதே மலிவு என்று கணக்குப் பார்க்கும்படி இது இருக்கிறது.

'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் குறைந்த கூலிக்கு வேலை வாங்குகிறார்களே?

இந்தப் பயம் பொய்யில்லை. சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. வருடக்கணக்கில் லைனில் நிறுத்தி, ஒரே பட்டனை அமுக்க வைத்து, ஒப்பந்தம் முடிந்ததும் புது ஆளை அழைக்கும் இடங்கள் உண்டு. ஒரு பையனிடம் என்ன கற்றாய் என்று கேட்டேன். "பீஸை வைப்பேன், கதவைச் சாத்துவேன், பச்சை பட்டனை அமுக்குவேன் சார். புரோகிராம் பக்கம் விட மாட்டாங்க" என்றான். பதினோரு மாதம் முடிந்திருந்தது.

ஆனால் அதே சட்டம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு பலருக்குத் தெரியாது. பீஸ் கணக்கில் பழகுநருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. உற்பத்தி இலக்குக்குப் போனஸ் தரும் எந்தத் திட்டத்திலும் அவரைச் சேர்க்கக் கூடாது. தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். அரசு தன் பங்குப் பணத்தைப் போடும்போது, இவற்றை நேரில் போய்ப் பார்க்கும் ஆளையும் அனுப்ப வேண்டும். வருகைப் பதிவு சரியாக இருப்பதால் பயிற்சி நடந்ததாக ஆகிவிடாது.

பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை உறுதியா?

இல்லை. வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. 2014 திருத்தத்துக்குப் பிறகு, முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பட்டறையிலேயே வளர்ந்து தொழில் கற்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?

2015-இல் வெளியான தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, இந்தியத் தொழிலாளர்களில் முறையான பயிற்சி பெற்றவர்கள் 4.69 சதவீதம்தான் என்றது. ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 என்று பக்கத்தில் போட்டுக் காட்டியது. இந்த எண்ணை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். மெக்கானிக் கடையில் பத்து வயது மூத்த அண்ணனிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே இன்ஜின் பிரிக்கக் கற்றவர்கள் இந்த எண்ணுக்குள் வரமாட்டார்கள். நம் ஊரில் தொழில் கற்றவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

கென்யாவில் ஒரு திட்டம் இவர்களை நேராகத் தேடிப் போனது. தெருவோரம் தகரம் தட்டுபவர்கள், தச்சர்கள், தையற்காரர்களை அங்கே 'ஜுவா காலி' என்பார்கள். சுவாஹிலியில் சுட்டெரிக்கும் வெயில் என்று பொருள். 1990-களின் இறுதியில் உலக வங்கி உதவியோடு அவர்களுக்குப் பயிற்சி வவுச்சர் கொடுத்தார்கள். செலவில் பெரும்பகுதியை வவுச்சர் ஏற்கும், சிறு பகுதியைத் தொழிலாளி கைக்காசாகக் கொடுக்க வேண்டும், யாரிடம் படிப்பது என்பது அவர் விருப்பம். பயிற்சி நிறுவனங்கள் நிரம்பி வழியும் என்று எதிர்பார்த்தார்கள். தொழிலாளர்கள் போனதோ, கைதேர்ந்த மேஸ்திரிகளிடம். தன் கைக்காசும் அதில் இருந்ததால், தனக்கு எது உதவும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நம் திட்டத்தில் பங்கு போடும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான் இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் மேஸ்திரியை அங்கீகரித்து, அவருக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போகும் வழி இங்கே இன்னும் பிறக்கவில்லை.

என் பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஒப்பந்தம் அரசின் தொழிற்பழகுநர் போர்ட்டலில் பதிவாகி, பதிவெண் கைக்கு வந்ததா என்று பாருங்கள். பதிவு இல்லாவிட்டால் அரசின் பங்கும் இல்லை, சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். இணைப்பு விட்டுப்போனால் 1,500 ரூபாய் மாதாமாதம் நின்றுபோகும். காரணம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், ஒவ்வொரு பழகுநரின் பயிற்சி முன்னேற்றத்துக்கும் நிறுவனம் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் வேலை முடியும் நேரத்தில் போய், அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் இருந்த வேலையே கடைசிப் பக்கத்திலும் எழுதியிருந்தால் அங்கேயே சூப்பர்வைசரிடம் கேளுங்கள்: "எம் பையனை அடுத்த மெஷினுக்கு எப்ப மாத்துவீங்க?"